ஓர் ஏக்கருக்கு எத்தனை நாள் கூலி?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் நிற்பவருக்கு நிலம் தண்ணீரோடு சேர்ந்தே கண்ணில் படும். வடக்கே மண்ணச்சநல்லூரும் இலால்குடியும் நெல் விளையும் பூமி. அதே மாவட்டத்தில் தெற்கே மணப்பாறையைத் தாண்டி வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் போனால் சரளைமேடும் மானாவாரிக் காடும்தான். வடமேற்கில் துறையூருக்கு மேலே பச்சைமலையில் மரவள்ளி நட்டுப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் இவ்வளவு வேறுபட்ட மண் இருப்பதால், நிலத்தின் விலையைப் பற்றி யோசிக்கத் திருச்சிராப்பள்ளி பொருத்தமான இடம்.

நகரத்தை விட்டு விலக விலக நிலம் மலிவு என்பது பொதுவான நம்பிக்கை. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவரொட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன. இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது. தொலைதூர நிலம் மலிவு என்றால் யாருக்கு மலிவு, எதைக் கொண்டு அளந்து மலிவு என்கிறோம்? உழவை விட்டு மக்கள் விலகிக்கொண்டிருக்கும் காலத்தில் உழவுநிலத்தின் விலை ஏன் இறங்கவில்லை? கீழே வரும் ஏக்கர் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை நிலவரமாக அவற்றைக் கொள்ள வேண்டாம். என் வாதத்துக்குச் சாதகமாகக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறேன்.

1. நன்செய், புன்செய்: இதுவரை சொல்லப்பட்டவை

இப்பகுதியின் நிலவுடைமை பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நொபொரு கராஷிமா 1966இல் வெளியிட்ட ஆய்வில், திருச்சியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர்கால ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் உடைமை. வெள்ளாளர் ஊரான அல்லூரில் அது ஊராரின் கூட்டுடைமை என்பது அவர் கண்டது. பின்னர் திருவானைக்காவின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைக் கொண்டு, கீழ்க் காவிரிப் பகுதியில் தனியுடைமை பரவியதையும் காட்டினார். அவருடைய முடிவுகளை மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் இக்கரைகளில் நிலம் கைமாறும் பொருளாக மாறியது வெள்ளையர் வந்த பிறகுதான் என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. தர்மா குமார் 1965இல் எழுதிய நூல் இதன் மறுபக்கத்தைச் சொன்னது. தமிழகத்தில் நிலமற்ற கூலிகள் ஆங்கிலேய ஆட்சிக்கு முன்பே பெருந்தொகையாக இருந்தார்கள். அவர்களை நிலத்திலிருந்து விலக்கி வைத்ததில் சாதிக்குப் பெரும்பங்கு உண்டு என்றார் அவர்.

கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் தமிழக நாட்டுப்புறத்தை ஆற்றுப்படுகை, சமவெளி, கொங்குநாடு என மூன்றாகப் பிரித்தார். திருச்சி இவற்றில் முதல் இரண்டையும் தன்னுள் கொண்டது. அந்த இரட்டைத்தன்மையை நேரில் ஆராய்ந்தவர்கள் வெங்கடேஷ் ஆத்ரேயா, யோரன் யூர்ஃபெல்ட், ஸ்டாஃபன் லிண்ட்பெர்க் ஆகிய மூவர். குளித்தலை, முசிறி, மணப்பாறைப் பகுதிகளில் ஆறு ஊர்களை 1979-80இல் ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே குடும்பங்களைத் தேடிச் சென்றபோது, பல வீடுகள் உழவை விட்டிருந்தன. உழவல்லாத வருமானம் பெருகியிருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

இவ்வளவு எழுத்திலும் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது விரிவாக இருக்கிறது. நிலமில்லாத ஒருவர் அதை வாங்க வேண்டுமானால் என்ன ஆகும் என்ற கணக்குக்குக் கிடைத்த இடம் குறைவு.

2. எதைக் கொண்டு அளப்பது

பிற நாடுகளில் நிலம் கொள்ளை மலிவு என்ற பேச்சு நம்மிடம் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் 2024இல் அந்நாட்டுப் பண்ணை நிலத்தின் சராசரி மதிப்பு ஏக்கருக்கு 4,170 டாலர். மேய்ச்சல் நிலம் 1,830 டாலர். ரூபாயில் மாற்றினால் முதலாவது மூன்றரை லட்சம் அளவில் வரும். காவிரிக் கரையில் இந்தத் தொகைக்கு ஓர் ஏக்கர் கேட்டால் யாரும் பேச்சைத் தொடர மாட்டார்கள்.

ஆனால் டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பது சரியான அளவுகோல் ஆகாது. வாங்குபவரின் உழைப்பில் அளப்பதே நேர்மை என்பது என் கருத்து. அமெரிக்காவின் கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி நேர வேலைக்கு 58 டாலர். அந்தக் கூலிக்காரர் 32 நாள் உழைப்பைக் கொடுத்தால் சராசரி மேய்ச்சல் நிலம் ஓர் ஏக்கர். 72 நாளைக் கொடுத்தால் சராசரிப் பண்ணை நிலம் ஓர் ஏக்கர். இங்கே, தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2024-25இல் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடு ஏக்கர் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 1,567 கூலிநாள் வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் முழுதாகக் கிடைத்து, ஒரு ரூபாய்கூடச் சாப்பிடாமல் சேர்த்தால் பதினாறு ஆண்டு. வயல் கூலி சில இடங்களில் இதைவிடக் கூடுதல்தான். அது ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை.

பத்திரப்பதிவையும் இதே கோலால் அளக்கலாம். 2023 ஏப்ரல் முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கட்ட வேண்டும். பத்திரத்தில் 5 லட்சம் காட்டினால் 45,000 ரூபாய். கூலிக்காரருக்கு அது 141 நாள் உழைப்பு. அமெரிக்கக் கூலிக்காரர் மேய்ச்சல் நிலமே நான்கு ஏக்கருக்கு மேல் வாங்கிவிடக்கூடிய நாள்கணக்கு, இங்கே பதிவு அலுவலகப் படியேறுவதற்கே போய்விடுகிறது.

இந்த ஒப்பீட்டில் குறை இல்லாமல் இல்லை. அங்கே மலிவாகக் கிடைக்கும் நிலத்தின் பெரும்பகுதியில் குடித்தனம் நடத்துவது கடினம். கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் 1970களில் ஐந்தைந்து ஏக்கராக வெட்டி, நேரில் பார்க்காதவர்களுக்கெல்லாம் விளம்பரத்தின் மூலம் விற்ற நிலங்களைப் பற்றி டெட் கோனோவர் 2022இல் ஒரு நூல் எழுதினார். இன்றும் அங்கே குடியேறுபவர்கள் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 2023இல் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. மலைக்கிராமங்களில் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது, அந்த ஊர்களில் பிள்ளைகள் இல்லாததால். இந்த நாடுகளிலெல்லாம் மலிவுக்கு ஒரு பொதுவான காரணம் உண்டு: மக்கள் போய்விட்டார்கள், அல்லது வரவே இல்லை. மணப்பாறை வட்டாரத்திலும் மக்கள் உழவை விட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறார்கள். விலை மட்டும் அவர்களோடு போகவில்லை.

3. விலை ஏன் இறங்கவில்லை

விளைச்சல்தான் விலையை நிர்ணயிக்கிறது என்பது பழைய விளக்கம். இலால்குடிப் பக்கம் இருபோக நன்செய் ஏக்கர் ஒன்றில் போகத்துக்கு 24 குவிண்டால் சன்னரக நெல் என்று கொள்வோம். 2024-25இல் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். ஆக, 58,800. உழவு, நாற்று, உரம், களை, அறுப்பு எந்திர வாடகை போகக் கையில் 25,000 நின்றால் அது நல்ல போகம். மேட்டூர் சூன் 12இல் திறந்து இரண்டு போகமும் கைகூடினால் ஆண்டுக்கு 50,000. வங்கியில் 7 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று கொண்டால், 50,000 ரூபாய் வருமானம் தரும் சொத்தின் நியாயமான விலை 7 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நன்செய் இந்த விலைக்குக் கிடைக்குமானால் நானே முதலில் வரிசையில் நிற்பேன். ஏக்கர் 25 லட்சம் என்று வைத்தால் 7 லட்சம் நெல்லின் விலை. மீதி 18 லட்சம் வேறு ஏதோ ஒன்றின் விலை.

அந்த வேறு ஏதோ ஒன்று எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சஞ்சோய் சக்ரவர்த்தி 2013இல் எழுதிய நூலில், இந்திய நிலவிலை விளைச்சலோடு பொருந்தாமல் உயர்ந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, அதில் பற்றாக்குறைக்கும் நகரப் பணத்துக்கும் உள்ள பங்கை விவாதித்தார். திருச்சியைப் பொறுத்தவரை நகரப் பணம் என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. 2024 சனவரியில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்தது. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தது. இவை ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அந்தத் திசையில் இருக்கும் காடு, மனையாகப் பார்க்கப்படத் தொடங்குகிறது. மணிகண்டத்துக் கம்மங்கொல்லையின் விலையில் பேருந்து நிலையத்தின் நிழல் விழுகிறது.

சட்டமும் நகரப் பணத்துக்கு வழி விடுகிறது. மகாராட்டிரத்தில் உழவர் அல்லாதவர் வேளாண் நிலம் வாங்க முடியாது. கருநாடகத்தில் 2020 வரை அப்படித்தான் இருந்தது. இமாசலத்தில் வெளிமாநிலத்தார் அரசின் அனுமதி பெற வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. 1961இன் உச்சவரம்புச் சட்டம் 1970இல் ஐவர் குடும்பத்துக்கு 15 தரநிலை ஏக்கர் என்று எல்லையைக் குறுக்கியது. வாங்குபவர் ஏர் பிடித்தவரா என்று அது கேட்கவில்லை. நான் தடையை ஆதரிப்பவன் அல்லன். தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவரைத்தான் அத்தகைய தடை முதலில் வெளியே நிறுத்தும். ஆனால் தடையில்லாத சந்தையில் யாருடைய பணம் முந்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வருமான வரிச் சட்டத்தில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. ஊர்ப்புற வேளாண் நிலத்தை அது மூலதனச் சொத்தாகக் கொள்வதில்லை. விற்ற ஆதாயத்துக்கு வரி இல்லை. எது ஊர்ப்புறம் என்பதற்கு அளவும் வைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர் தாண்டியிருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 8.47 லட்சம். ஆகவே ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காடு, சட்டத்தின் கண்ணில் தொலைதூரம். இருசக்கர வண்டியில் கால்மணி நேரம் போனால் வந்துவிடும் இந்தத் தொலைதூரம், சேமிப்பை ஒதுக்கி வைக்க வசதியான பெட்டகம். உழவரைக் காக்க எழுந்த விலக்கு, உழாதவரின் பணத்தையும் அந்தக் கோட்டுக்கு வெளியே அழைத்துப்போகிறது.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ வாங்க முடியாது, மரபுரிமையாக அடையலாம். ஆகவே சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சேர்ந்த பணம், ஊரில் இருக்கும் தாய் தகப்பன், உடன்பிறந்தார் பெயரில் நிலமாகிறது. பிறந்த மண்ணில் ஒரு துண்டு வேண்டும் என்னும் அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் விளைவையும் மறைக்க முடியாது: 319 ரூபாய்க் கூலியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒரே புல எண்ணுக்கு விலை கேட்கின்றன.

4. மலிவு நிலத்தில் எது குறைகிறது

இவ்வளவுக்குப் பிறகும் மலிவான நிலம் விற்பனைக்கு வரத்தான் செய்கிறது. அப்படி வரும்போது அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள். பெரும்பாலும் அது தண்ணீர். மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடி இறங்கியும் வெறும் புகை வருவதுண்டு. இலவச மின்சாரத்துக்கான இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், மின் இணைப்புள்ள கிணறு இருக்கும் காட்டுக்கு ஒரு விலை, பக்கத்துக் காட்டுக்கு வேறு விலை. அடுத்தது பாதை. வரப்பில் நடந்துபோகும் வழக்கம் வேறு, பத்திரத்தில் எழுதிய வண்டிப்பாதை வேறு. அறுப்பு எந்திரம் உள்ளே வர முடியாத நிலத்தில், முன்னால் இருக்கும் காட்டுக்காரரின் தயவில்தான் வெள்ளாமை வீடு வந்து சேரும்.

இவை இரண்டும் நேரில் போனால் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது பத்திரத்தின் குறை.

தமிழகத்தில் குறைந்த விலைக்குப் பேசப்படும் நிலங்களுக்குள் நிபந்தனை ஒப்படை நிலங்களும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இவற்றில் முக்கியமானவை. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி நிலங்கள் கைமாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டு சுத்தமாக இருக்கும். ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பழைய காலம் வரை புரட்டினால்தான் உண்மை வெளிவரும். மலிவாகக் கிடைத்தது என்று இதை வாங்குபவர், இன்னொருவருக்கு நீதியாகக் கொடுத்ததை வாங்குகிறார்.

சமய நிறுவனங்களின் நிலம் இன்னொரு சிக்கல். ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் வீடும் மண்ணும் தங்களுடையது என்கிறார்கள். வீடு நிற்கும் மண் அரங்கனுடையது என்கிறது கோயில் தரப்பு. வழக்கும் பதிவுத் தடையும் நீண்ட நிலையில், மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்க நினைத்தவர்களும் வங்கிக் கடன் கேட்டவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். 2022இல் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே திருச்செந்துறையில் தன் நிலத்தை விற்கப்போன ஒருவரிடம், வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தச் செய்தியை ஒரு சமயத்துக்கு எதிரான ஆயுதமாக எடுத்துக்கொண்டவர்கள், பக்கத்திலேயே இருக்கும் அடிமனைத் தெருக்களைப் பார்க்கத் தவறினார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: பழைய தானங்கள், 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டங்கள், 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் ஆகியவற்றின் வழியே வந்த பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர் இதையெல்லாம் சரிபார்க்க ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வார். ஓர் ஏக்கருக்காகப் பதினாறு ஆண்டுக் கூலியைச் சேர்த்தவர் தரகரின் வாய்ச்சொல்லை நம்புவார்.

நம்பி ஏமாந்தவர்களின் தொகை சிறியது அல்ல. தொலைதூர வேளாண் நிலத்தைத் தவணையில் தருவதாகச் சொல்லி நாடெங்கும் கோடிக்கணக்கானவர்களிடம் பி.ஏ.சி.எல். நிறுவனம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2014 ஆகத்து மாதத்தில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆணையிட்டது. பணத்தை மீட்டுத் தர உச்சநீதிமன்றம் 2016இல் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. மாதம் சில நூறு ரூபாய் கட்டியவர்களில் பெரும்பாலோர் தங்கள் நிலத்தைப் பார்த்ததே இல்லை. சொந்தமாக ஒரு துண்டு மண் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

5. வாங்க முடிந்தவர்கள்

நிலமற்ற கூலிக்காரர் சந்தையில் நிலம் வாங்கிய முன்னுதாரணம் இதே காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 1968 திசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, அங்கே சென்று தங்கிய காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். மிராசுதார்களோடு பேசி, கடன் பெற்று, நிலத்தை விலைக்கே வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிந்தார்கள். பறிமுதலும் இல்லை, பூமிதானமும் இல்லை. கைமாறிய நிலம் பத்தாயிரம் ஏக்கரைத் தாண்டியது. அது கைகூடியதற்குக் காந்தியப் பொறுமை மட்டுமே காரணம் என்று சொல்வோர் உண்டு. நிலவுடைமையாளர் பலர் நகரத்துக்குப் போய், குத்தகையும் சரியாக வராமல், விற்றுவிட்டால் போதும் என்றிருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மண்ணின் விலையில் நெல்லைத் தவிர வேறு கனவு அப்போது அதிகம் ஏறியிருக்கவில்லை.

இப்போது ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் அந்த வழியில் வருகிறது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி வேளாண் தொழிலாளர் பெண்களுக்கு நிலமதிப்பில் பாதி, 5 லட்சத்துக்கு மிகாமல், மானியம். முத்திரைத் தீர்வையிலிருந்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் விலக்கு. மேலே சொன்ன 141 நாள் கூலி இவர்களுக்கு மிச்சம். நல்ல திட்டம் என்றே சொல்வேன். அதை இந்த மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேலே வைத்த 25 லட்சத்தைவிடவும் தாழ்வாக, பத்து லட்சத்துக்கு அரை ஏக்கர் நன்செய் கிடைக்கிறது என்றே கொள்ளலாம். நம் வழக்கில் ஒன்றரை மா. மானியம் போக 5 லட்சம் கடன். வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றே வைத்தாலும் முதல் ஆண்டு வட்டி 30,000. அரை ஏக்கரில் இருபோகமும் நன்றாக விளைந்தால் கையில் நிற்பது 25,000. வட்டிக்கே 5,000 குறைகிறது. அசல் அப்படியே நிற்கிறது. அதே பணத்துக்கு மருங்காபுரியில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு கிடைக்கலாம். அங்கே கிணறு வெட்ட, மின்சாரம் வாங்க மறுபடி கடன். மானியத்தை உயர்த்தினால் விற்பவர் விலையை உயர்த்துவார் என்ற ஐயமும் நியாயமானதே.

அரசிடம் இதற்கு வேறு வழியும் இருக்கிறது. உச்சவரம்புச் சட்டத்தில் கையகப்படுத்தி இன்னும் வழங்காமல் கிடப்பவை, பஞ்சமி நிலங்களில் மீட்கக்கூடியவை ஆகியவற்றை வட்டம்வாரியாக, புல எண்ணோடு வெளியிடலாம். இலால்குடியிலும் மணப்பாறையிலும் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரைத் தேடும் பெண்களுக்கு, அந்தப் பட்டியலில் எந்த நிலம் தண்ணீரோடும் பாதையோடும் இருக்கிறது என்பதையும் சொல்லலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு இருக்கிறது.